ஒன்பதாவது 'பி'யில் பாதியில் நின்ற கதை

விருத்தாசலம்
14 ஜூலை 2025

அன்புத் தங்கை நான்சிக்கு,

மாதா தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முனகும். நீயும் வளன் தம்பியும் பிள்ளை பிரபாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். மோர்பியில் மழை பிடித்துவிட்டதா? டைல்ஸ் கம்பெனியில் வேலை கொஞ்சமாவது குறைந்ததா?

போனில் பேசினால் 'சாப்டியா', 'சாப்டேன்' என்று ஒரு நிமிஷத்தில் நமக்குப் பேச்சு தீர்ந்துபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குப் பதினைந்து வயதில் என்னை ஒரு கேள்வி கேட்டாய். பள்ளிக்கூட நூலகச் சாவி அப்போது என்னிடம் இருந்தது. புத்தக பீரோவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குழந்தைங்களுக்குக் கதை இருக்குது, பெரியவங்களுக்கும் இருக்குது. நடுவுல மாட்டிக்கிட்டவங்களுக்கு ஒன்னும் கிடையாதாக்கா?" என்றாய். "அதுக்குத்தான் பாடப் புத்தகம் இருக்குதே" என்றேன். பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, போன வாரம் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் அதற்குப் பதில் கிடைத்தது. ஒரு கடையில் 'இளையோர் நாவல்கள்' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் நான்கை எடுத்தேன். கடையில் இருந்த பெண், "பேத்திக்கா மேடம்?" என்று கேட்டாள். "எனக்குத்தாம்மா" என்றேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு பையில் ஒரு புத்தகக்குறியைக் கூடுதலாகப் போட்டாள்.

ஒன்றைத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். செந்தமிழன் என்பவர் எழுதியது. கம்மாபுரம் பக்கம் ஐந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் நிலம் சுரங்கத்துக்குப் போகப்போகிறது. ஒரு பையன் அந்த மண்ணை டிபன் டப்பாவில் அள்ளி வைத்துக்கொள்கிறான். எதற்கு என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவே இல்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கீழே அருஞ்சொற்பொருளும் கொடுத்திருப்பேன். இந்த எழுத்தாளர்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான். பிள்ளை தப்பு செய்தால் பிரம்போடு ஓடி வருவதில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

நான்கிலும் உயர்ந்தது அன்புக்கரசி என்பவர் எழுதிய 'ஆறிய சூளை'. பீங்கான் ஊரில் நடக்கிற கதை, நம் ஊரேதான். வாசிக்க வாசிக்க, ஏற்கெனவே குடியிருந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது. அதிலும் செந்தமிழனிலும் இன்னொரு பிரதி வாங்கி அனுப்புகிறேன். புத்தகத் தபாலில் கடிதம் வைக்கக் கூடாது என்று தபாலாபீஸில் சொன்னதால் பார்சலாகவே போடுகிறேன். பிரபாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரியும். நீ வாசித்துக் காட்டு.

உன் கையெழுத்தைப் பார்த்து வெகுநாள் ஆகிறது. நான்கு வரி போதும்.

அன்புடன்,
அக்கா உபகாரமேரி


மோர்பி
9 ஆகஸ்டு 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா என்று வளன் கேட்கச் சொன்னார்.

பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பிரபாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். செந்தமிழன் புத்தகம் முடிந்தது. மண் டப்பா எதற்கு என்று நான் விளக்கப் போனபோது, "அம்மா, சும்மா இருங்க. எனக்குப் புரியுது" என்றாள். உங்கள் கடிதத்தில் இருந்ததையே அவளும் சொன்னாள்.

'ஆறிய சூளை' என்ற தலைப்பைப் பார்த்து வளன் சிரித்தார். இங்கே சூளை ஆறுவதே இல்லை. இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறினால் முதலாளிக்கு நெஞ்சுவலி வந்துவிடும். நான் இப்போதும் லேபில் ஷேடு பார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன். இரண்டு டைலை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நிறமா இல்லையா என்று சொல்ல வேண்டும். முப்பது வயதில் சுலபமாக இருந்தது.

அந்தப் புத்தகத்தை அடுத்த ஞாயிறு தொடங்குவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்சி


விருத்தாசலம்
20 ஆகஸ்டு 2025

அன்பு நான்சி,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். உன் 'ழ' இன்னமும் வால் நீளமாகவே இருக்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். வளன் தம்பியிடம் சொல்லிவிடு.

இங்கே நான் ஊர்ச் சிரிப்பாகிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் நேற்றுக் கீரை கொடுக்க வந்தவள், நான் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன் டீச்சர், ரிட்டேராகியும் உங்களுக்கு இன்னும் பரீட்ச முடியலியா?" என்றாள். கதைப் புத்தகம் என்றேன். அட்டையில் இருந்த பள்ளிச் சீருடைப் பெண்ணைப் பார்த்தாள். "இந்த வயசுல இந்தப் பொண்ணு என்ன பண்ணுதுன்னு உங்களுக்கு எதுக்கு?" என்றாள். நல்ல கேள்வி.

பெரியம்மாளிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் பதினைந்து வயதுப் பிள்ளைகளோடே இருந்தேன். அவர்கள் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. விடைத்தாளில் எழுதியது மட்டும்தான் தெரியும். சொல்லப்போனால், ஆயிரம் பேர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறேன், உள்ளே போனதே இல்லை. இந்தப் புத்தகங்கள் கதவைத் திறந்துவிடுகின்றன.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். அன்புக்கரசிக்குத்தான், பதிப்பகத்தின் முகவரியில். உங்கள் முதல் அத்தியாயத்தில் இந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன் என்று எழுதினேன்: 'சுவர் இன்னும் சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.' நம் அப்பா சூளையில் சாமான் அடுக்கிவிட்டு வந்து சட்டையைக் கழற்றிப் போடுவாரே, அந்தச் சட்டையின் சூடு ஞாபகம் வந்தது.

நீ அந்த வரிக்கு வந்துவிட்டாயா? பிரபா என்ன சொன்னாள்?

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நீ வரவில்லை. ஜனவரியில் கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா திருவிழா. உன் அறையில் பொருள் ஒன்றும் வைக்காமல்தான் வைத்திருக்கிறேன். கட்டாயப்படுத்தவில்லை, சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மோர்பி
8 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. வேலை என்று எழுத நினைத்தேன். வேலை இல்லை.

'ஆறிய சூளை'யை பிரபாவுக்கு வாசிக்கத் தொடங்கினேன். சூளை ஆறிய பிறகு ஒரு பெண் உள்ளே போய் உட்காருகிறாள், நெருப்பைப் பார்க்கும் துவாரம் வழியாக வெளியே பார்க்கிறாள். மூன்றாம் பக்கத்தில் நீங்கள் அடிக்கோடிட்டீர்களே, அந்த வரி. அதோடு என் குரல் நின்றுவிட்டது. "ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றாள் பிரபா. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன்.

அக்கா, அந்த வரி என்னுடையது. அந்தச் சூளையும் அந்தத் துவாரமும் நான் எழுதியவை. பத்தாம் வகுப்பில் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் கிடையாதா என்று கேட்டேனே, கிடையாது என்று தெரிந்ததும் நானே எழுத உட்கார்ந்தேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது நீங்கள். அதனால் உங்களிடம் மட்டும் கொடுத்தேன். யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் சர்க்குலர் நோட்டை எடுத்துக்கொண்டு ஒன்பதாவது 'பி'க்கு வந்தேன். தாழ்வாரத்தில் வரும்போதே என் வாக்கியங்கள் உங்கள் குரலில் கேட்டன. பிள்ளைகள் சிரித்தார்கள். வருணனைக்கு உதாரணம் என்று நீங்கள் சொன்னதும் கேட்டது. வாசலுக்கு நான் வந்தபோது நோட்டை மூடிவிட்டீர்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். மிச்சப் பக்கங்களில் வேதியியல் குறிப்பு எழுதினேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை.

அதை வாசித்தது பழைய கதை. இப்போது வலிப்பது வேறு. அதே வரியை அடிக்கோடிட்டு, என்ன அழகு பார் என்று எனக்கே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஞாபகமே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்த்ததும் நிறுத்தினீர்களே, இத்தனை வருஷமும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களை முழுதாக வெறுக்க முடியவில்லை.

நான்சி


விருத்தாசலம்
17 அக்டோபர் 2025

நான்சிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத இன்று மனம் இல்லை.

ஞாபகம் இல்லைதான். ஒன்பதாவது 'பி' ஞாபகம் இருக்கிறது, உன் முகம் ஞாபகம் இருக்கிறது. அந்த வரி இல்லை. பாடத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது, உன் நோட்டு பையில் இருந்தது. பெயர் சொல்லாமல் வாசித்தால் தப்பில்லை என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. பெருமைப்படுகிறவர்களுக்குத் தாங்கள் செய்கிற தப்பு தெரிவதில்லை.

நான் நோட்டை மூடியதை நீ நல்லதாக நினைத்துக்கொண்டிருந்தாய். அதற்கு நன்றி.

இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். அன்புக்கரசியிடமிருந்து பதில் வந்திருக்கிறது. அவளுக்குச் சொந்த ஊர் நம் மாவட்டத்து மங்களூர். நம் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தவள். அந்த வருஷம் ஒன்பதாவது 'பி'. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாள், என்னைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை.

உபகாரமேரி


விருத்தாசலம்
26 அக்டோபர் 2025

அன்பு நான்சி,

உன் பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். நீயும் வீட்டாரும் நலம்தானே? இங்கே ஒரு வாரமாக மழை.

புதன்கிழமை அன்புக்கரசி வந்தாள். நனைந்த குடையோடு வாசலில் நின்று, "டீச்சர், என்னத் தெரியுதா? ஒன்பதாவது பி, மூணாவது பெஞ்ச். என்னை ஜன்னல்னு கூப்புடுவீங்க" என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். "எப்பவும் வெளியவே பார்த்துக்கிட்டு இருப்பேன்ல" என்றாள். எனக்கு அதுவும் ஞாபகம் இல்லை. இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது, முன்நெற்றியில் நரை. பெரியம்மாள் எட்டிப் பார்த்து, "இவங்கதான் புக்கு போடறவங்களா? பார்த்தா நம்ம வூட்டுப் பொண்ணு மாதிரி இருக்குது" என்று ஏமாந்துபோனாள்.

காபியைக் குடித்து முடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கி ஒரு நோட்டுலருந்து ஒரு கத வாசிச்சீங்க டீச்சர். பாதியில நிறுத்திட்டீங்க. நாளைக்கி வாசிப்பீங்க, நாளைக்கி வாசிப்பீங்கன்னு ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் மீதிய நானே யோசிச்சுக்கிட்டேன். யோசிச்சதத்தான் இத்தன வருஷம் கழிச்சி எழுதியிருக்கேன். ஆனா மொத பக்கங்கள்ல நாலஞ்சு வரி என்னுது இல்ல. எப்படி மாத்துனாலும் அதுவே வந்து நிக்குது. யார் எழுதுனதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். அடுத்த பதிப்புல பேர் போடறேன்."

உன் பெயர் நாக்கு வரை வந்துவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன்: ஆசையாக இருந்தது. என் தங்கைதான், இன்று மோர்பியில் இருக்கிறாள் என்று சொல்லி, உன்னை அவள் முன்னால் தூக்கிக் காட்ட வேண்டும் போல் இருந்தது. அன்றைக்கும் எனக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"கேட்டுட்டுத்தாம்மா சொல்லணும்" என்றேன். "உயிரோட இருக்காங்களா டீச்சர்?" என்றாள். இருக்கிறார்கள் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதனால் கேட்கிறேன். சொல்லட்டுமா, வேண்டாமா? நீ என்ன சொன்னாலும் அப்படியே.

அவள் அந்த நாளைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். அதை எழுத எனக்குத் தைரியம் வர வேண்டும்.

அக்கா


மோர்பி
10 நவம்பர் 2025

அக்காவுக்கு,

மூவரும் நலம். மழையில் வழுக்கும் இடங்களில் பார்த்து நடங்கள்.

சொல்ல வேண்டாம்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மீதியையும் வாசித்து முடித்துவிட்டேன். நன்றாக எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் பிரபா அழுதாள், எனக்குத் தெரியக் கூடாது என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வரிகள் அவரிடமே இருக்கட்டும். ஆனால் என் பெயர் இனி எதற்கும் உதாரணமாக வேண்டாம், நல்லதற்கும்கூட.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லலாம். அவர் கதையில் அந்தப் பெண் சூளைக்குள் ஒளிந்துகொள்கிறாள், ஊரே தேடுகிறது. நான் எழுதிய பெண் ஒளியவில்லை. தனியாக இருக்கப் போனாள், அவ்வளவுதான். அவளை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அவர் சொன்ன இன்னொன்று என்ன?

நான்சி


விருத்தாசலம்
19 நவம்பர் 2025

அன்பு நான்சி,

இங்கே சுகம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் ஞாயிறு பூசையில் வேண்டிக்கொண்டேன்.

அன்புக்கரசிக்குப் போன் போட்டேன். பெயர் சொல்ல முடியாது என்றேன். "சரிங்க டீச்சர்" என்றாள். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னதும், "இருங்க, எழுதிக்கறேன்" என்று பேனா தேடினாள். மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

இனி அந்த இன்னொன்று. நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

அவள் சொன்னது இதுதான்: "நீங்க வாசிக்கும்போதே திடீர்னு நிறுத்திட்டீங்க டீச்சர். மூஞ்சி செவந்துபோச்சு. நோட்டை மூடிட்டு வெளிய பார்த்தீங்க. அதுக்கப்புறந்தான் சர்க்குலர் நோட்டோட ஒரு அக்கா வந்து வாசல்ல நின்னாங்க."

அவளுக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது. நீ தாழ்வாரத்தில் வந்தது எனக்குத் தெரியாது. உன்னைப் பார்த்து நான் நிறுத்தவில்லை. அதற்கு முன்பே நிறுத்தியிருந்தேன். நான் முன்கூட்டி வாசிக்காமலே வகுப்பில் பிரித்துவிட்டேன். அடுத்த வரி அந்தப் பெண்ணின் அக்காவைப் பற்றியது, அதாவது என்னைப் பற்றியது. அதை நாற்பது பிள்ளைகள் முன் வாசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. உன் மானம் போவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

உன் கதையை மறந்துவிட்டேன் நான்சி. என்னைப் பற்றி அதில் இருந்த வரியை ஒரு நாளும் மறக்கவில்லை.

என்னைப் பார்த்து நிறுத்தினீர்கள் என்று போன மாதம் எழுதினாயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்று எழுதி வாங்கிக்கொண்டேன். நீ பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு நல்லதும் நடக்கவில்லை என்று தெரிந்தால் என்னை விட்டுவிடுவாயோ என்ற பயம். இன்னும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனாலும் இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீ இருப்பதை இனிமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பதில் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம்.

அக்கா


விருத்தாசலம்
24 டிசம்பர் 2025

அன்பு நான்சிக்கும் வளன் தம்பிக்கும் பிரபாவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நான் நலம். நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறப் போனேன். பெரியம்மாள் திட்டி இறக்கிவிட்டு, தன் மருமகனைக் கட்டச் சொன்னாள். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

இந்த மாதம் புதுப் புத்தகம் வாங்கவில்லை. பழையதையே மறுபடி வாசிக்கிறேன். தபால்காரம்மா தினமும் பதினொன்றரைக்கு நம் தெருவைக் கடக்கிறார். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை அசைத்து இல்லை என்று சொல்லிவிடுகிறார். நான் வாசலில் நிற்பது அதற்காக இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

பிரபாவுக்கு ஒரு சுடிதார்த் துணி இதோடு வைத்திருக்கிறேன். நிறம் பிடிக்காவிட்டால் உள்ளபடி சொல்லச் சொல்.

அக்கா


மோர்பி
6 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

எங்கள் மூவருக்கும் உடம்பு சுகம். துணி வந்தது. நிறம் பிடித்திருக்கிறது, நீளம்தான் போதாது. உன் கணக்கில் அவள் இன்னும் ஏழாவது படிக்கிறாள் போலிருக்கிறது.

ஐந்து வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். சோறு வடிக்கும்போது, டைல் பார்க்கும்போது, எல்லா நேரமும். ஒரு நாள் ஷேடு மாறிய ஒரு லாட் டைலை ஒரே நிறம்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தப்பு. வளன் என்ன ஆச்சு என்று கேட்டார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் சத்தமாக வாசிக்க, பிரபாவும் கேட்டுவிட்டாள்.

"பெரியம்மா இத சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்லம்மா? யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். அன்றிலிருந்து கோபம் முன்போல நிற்கவில்லை.

இரண்டு விஷயம் எழுதுகிறேன். ஒன்று, அந்த வரி என்ன? எனக்கே ஞாபகம் இல்லை. நோட்டும் இல்லை. உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று, "நீங்க எழுதுன கதைல அப்புறம் என்னம்மா ஆச்சு?" என்று பிரபா நச்சரிக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று போன ஞாயிறு பேப்பர் எடுத்து உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினேன். யாரோ தோளுக்குப் பின்னால் நின்று வாசிப்பது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. மடித்து வைத்துவிட்டேன்.

திருவிழாவுக்கு வர முடியாது. அவளுக்கு இது பத்தாவது, பிப்ரவரியில் பரீட்சை. மே மாதம் பார்க்கலாம்.

ஏணியில் ஏறாதே.

நான்சி


விருத்தாசலம்
14 ஜனவரி 2026

அன்பு நான்சி,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரம்மா தெருமுனையிலேயே அதைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் இருப்பது எனக்கு அப்போது நினைவில்லை. நீங்கள் மூவரும் இப்படியே சுகமாக இருங்கள்.

மே மாதம் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். பிரபாவுக்கு அளவு எடுத்து அனுப்பு, இனி கணக்குப் போட்டு வாங்க மாட்டேன்.

அவள் கேட்டதற்கு என் பதில்: சொல்லாமலே இருந்திருக்கலாம். நீயும் திருவிழாவுக்கு வந்திருப்பாய். என் முன்னால் உட்கார்ந்து, உன்னைப் பார்த்து நோட்டை மூடிய ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்திருப்பாய். அந்த அக்கா நான் இல்லையே. நான் பக்கத்து அறையில் நிற்பது மாதிரிதான் இருந்திருக்கும்.

இனி அந்த வரி. எழுத்து மாறாமல், நிறுத்தக்குறி மாறாமல் என்னிடம் இருக்கிறது:

'எங்க அக்கா வூட்டுக்கு வந்தாலும் டீச்சராவே இருக்குது. செருப்பக் கழட்டற மாதிரி அதையும் ஒரு நாளு வாசல்லியே கழட்டி வுட்டா என்ன?'

இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு நாக்கு நுனியில் வந்து நின்று, உள்ளே போய்விட்டது. முப்பத்திரண்டு வருஷமாக வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் செருப்பைப் பார்த்திருக்கிறேன். கழற்ற வேண்டிய மற்றது எது என்று தெரிந்தும் கழற்றத் தெரியவில்லை. நீ எழுதிய பெண் தனியாக இருக்கப் போனாள் என்றாயே, யாரை விட்டுத் தனியாக என்று கேட்க எனக்கு இனித் தேவையில்லை.

உன் தோளுக்குப் பின்னால் நின்று வாசிப்பது யார் என்றும் எனக்குத் தெரியும். அவளைப் போகச் சொல்லிவிட்டேன். உடனே போவாளா என்று சொல்ல முடியாது, ரொம்ப வருஷம் நின்று பழகிவிட்டாள். நீ எழுதுகிற நேரத்தில் நான் இங்கே செந்தமிழன் புத்தகத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருப்பேன். அது எந்த நேரம் என்று நீ எனக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை.

வளன் தம்பிக்கும் பிள்ளைக்கும் பொங்கல் வாழ்த்து.

அன்புடன்,
அக்கா

இதை டீச்சர் சொல்கிறாளா அக்கா சொல்கிறாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் செய்து பார். அடுத்த ஞாயிறு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே ஒரு பக்கம் எழுது. அதை யாருக்கும் காட்டாதே, எனக்கும் அனுப்பாதே.